டர்பன் டிசம்பரும் வேற்றுலகக் கதைகளும்

டிசம்பர் இரண்டாவது வாரம் பள்ளிக்கூடத்தை மூடினால் இங்கே தென்னாப்பிரிக்காவில் ஜனவரி நடுவில்தான் திறப்பார்கள். நாட்டுக்கே அது பெரிய விடுமுறை. கட்டட வேலைகள் நின்றுவிடும். பல அலுவலகங்களில் பாதிப்பேர் இருக்கமாட்டார்கள். ஜோகன்னஸ்பர்க் பக்கமிருந்து என்-3 நெடுஞ்சாலையில் கார்கள் கடலைத் தேடி டர்பனுக்கு வந்துகொண்டே இருக்கும். வெயிலும் புழுக்கமும் சேர்ந்துகொண்டால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வெளியே தலைகாட்ட முடியாது. டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் எங்கள் வீட்டில் அந்த மதியங்களையும் இரவுகளையும் சில வருடங்களாக அறிவியல் புனைகதைகளுக்கும் மாயாஜாலக் கதைகளுக்கும் ஒதுக்கி வைத்திருக்கிறோம். பிள்ளைகள் இருவர். மூத்தவனுக்குப் பதினான்கு வயது, சின்னவளுக்கு ஒன்பது. நானும் கணவரும் கும்பகோணம் பக்கத்திலிருந்து வந்தவர்கள். பக்கத்து வீட்டு ஆயாவும் தாத்தாவும் பல தலைமுறைகளாக இந்த மண்ணில் வாழும் தமிழ்க் குடும்பம். கதை நேரத்தில் இவர்கள் எல்லாரும் உண்டு.

இந்த வகைக் கதைகளுக்கு விடுமுறைதான் சரியான காலம். ஒரு குடும்பக் கதையைத் திறந்தால் அம்மா, மாமியார், சமையலறை எல்லாம் நமக்குத் தெரிந்தவை. இரண்டு பக்கத்தில் உள்ளே போய்விடலாம். வேற்றுலகக் கதையில் அது நடக்காது. அந்த வானத்தில் எத்தனை சூரியன், யாருக்கு யார் பகை, மந்திரம் எதற்குக் கட்டுப்படும், கப்பல் எதனால் ஓடுகிறது என்று எல்லாவற்றையும் புதிதாகத் தெரிந்துகொள்ள வேண்டும். முதல் ஐம்பது அறுபது பக்கம் அதற்கே போய்விடும். பள்ளி நாட்களில் இரவு பத்துப் பக்கம் வாசித்தால் மறுநாள் இரவுக்குள் பாதிப் பெயர் மறந்துபோகும். நான்கைந்து நாளில் புத்தகம் மேசைக்கடியில் கிடக்கும். எனக்கு ஃபேன்டஸி பிடிக்காது என்று சொல்கிறவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பார்த்திருக்கிறேன். பலர் இந்த இடத்தில் விட்டவர்கள்தான்.

அதனால் முதல் வாசிப்பை நீளமாக வைத்துக்கொள்ளுங்கள். விடுமுறை தொடங்கிய முதல் சனிக்கிழமை மதியம் நல்ல நேரம். தரையில் பாயை விரித்து, ஜன்னலைத் திறந்துவிட்டு, மின்விசிறியைச் சுழலவிட்டு, ஃபோன்களை வேறு அறையில் வைத்துவிட்டு இரண்டு மணி நேரமாவது ஒரே மூச்சில் போக வேண்டும். நடுவில் மாம்பழம் நறுக்கிக் கொடுக்கலாம், எழுந்திருக்கத் தேவை இல்லை. அந்த இரண்டு மணி நேரத்தில் பிள்ளைகள் கதைக்குள் போய்விட்டால் அப்புறம் நீங்கள் கூப்பிட வேண்டியதில்லை, அவர்களே வந்து உட்காருவார்கள். வாசித்து முடித்ததும் ஒரு பெரிய தாளில் பாத்திரங்களின் பெயர்களை எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுகிறோம். யார் யாருக்கு என்ன உறவு என்று கோடு போட்டுவைத்தால் இன்னும் நல்லது. சின்னவள் பெயருக்குப் பக்கத்தில் படம் வரைவாள். தண்ணீர் குடிக்கப் போகும்போதெல்லாம் அது கண்ணில் படுகிறது, பெயர்கள் மனதில் நின்றுவிடுகின்றன.

எங்களுக்கு இந்த வழக்கம் லோட்ஷெட்டிங் காலத்தில் வந்தது. 2022, 2023 ஆண்டுகளில் மின்வெட்டு மிக மோசமாக இருந்தது. அட்டவணைப்படி இரண்டு மணி நேரம், சில நாள் அதற்கும் மேலே போகும். டிவி இல்லை, வைஃபை இல்லை. சார்ஜ் விளக்கைக் கூடத்தின் நடுவில் வைத்துக்கொண்டு நான் வாசிக்க ஆரம்பித்தேன். 2024 மார்ச்சுக்குப் பிறகு மின்வெட்டு பெரிதும் ஓய்ந்துவிட்டது. ஆனால் எட்டு மணியானால் பிள்ளைகள் பாயைத் தேடிப் போவது நிற்கவில்லை.

எங்கள் பிள்ளைகள் பள்ளியில் ஆங்கிலத்திலும் ஜூலுவிலும் படிக்கிறார்கள். கடைகளில் கிடைக்கும் புத்தகங்களில் பெரும்பாலானவை ஆங்கிலம். நான் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு தமிழில் சொல்லிக்கொண்டே போவேன். முதலில் பயமாக இருக்கும், கொஞ்ச நாளில் நாக்கு பழகிவிடும். ஆட்களின் பெயர், ஊர்ப் பெயர், எழுத்தாளர் புதிதாக உண்டாக்கிய சொற்கள், இவற்றை அப்படியே விட்டுவிடுகிறேன். மூத்தவன் பின்னால் அதே புத்தகத்தைத் தானே படிக்கும்போது அவனுக்குக் குழப்பம் வருவதில்லை. மலை, காடு, கோட்டை பற்றிய நீண்ட வர்ணனைகளைப் பாதியாகக் குறைத்துச் சொல்லலாம். சண்டையையும் உரையாடலையும் குறைக்கக் கூடாது. பேச்சு வரும் இடத்தில் ஆளுக்கு ஒரு தமிழ் வைத்துக்கொள்வேன். ராஜா பேசினால் கூத்துமேடைத் தமிழ். திருட்டுப்பயல் பேசினால் கும்பகோணம் கடைத்தெருத் தமிழ். இயந்திரம் பேசினால் பாடப்புத்தகத் தமிழ், எழுத்துப் பிசகாமல். குரலை மாற்றத் தெரியாதவர்கள்கூட இதைச் செய்யலாம். கேட்கிறவர்களுக்கு யார் பேசுகிறார்கள் என்று உடனே தெரிந்துவிடும். பிள்ளைகளுக்கு வட்டார வழக்கும் மேடைத் தமிழும் காதில் விழுகின்றன. இங்கே அவர்களுக்கு அது வேறு எங்கே கிடைக்கும்?

புத்தகம் வாங்குவது பற்றிச் சுருக்கமாக. இந்த நாட்டில் புத்தகத்துக்கும் 15 விழுக்காடு வாட் வரி உண்டு. புதுப் புத்தகம் கையைக் கடிக்கும். நகராட்சி நூலக அட்டை எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் 16 நல்லிணக்க நாள், 25 கிறிஸ்துமஸ், 26 நல்லெண்ண நாள் என்று பொது விடுமுறைகள் அடுத்தடுத்து வருவதால், டிசம்பர் முதல் வாரத்திலேயே நான்கைந்து புத்தகங்களை எடுத்துவந்துவிட வேண்டும். பழைய புத்தகக் கடைகளில் அறிவியல் புனைகதை அலமாரி எப்போதும் நிறைந்தே இருக்கும். தமிழ்ப் புத்தகங்கள் ஊரிலிருந்து வருகிறவர்களின் பெட்டியில்தான் வரும். மின்நூலாகக் கிடைப்பவற்றை டேப்லெட்டில் வாங்கிவிடுகிறோம்.

ஒரு விடுமுறைக்கு ஒரு பெரிய புத்தகம், கூடவே சில சிறுகதைகள், இதுதான் எங்கள் கணக்கு. பெரிய புத்தகத்தை வேறு எதையும் பார்க்காமல் எடுத்தாலும் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் நாம் இருக்கும் ஊரோடு, போகப்போகும் இடத்தோடு சேர்கிற புத்தகமாக எடுத்துப் பாருங்கள். பிள்ளைகளுக்கு அந்தக் கதை வேறு மாதிரி ஒட்டிக்கொள்கிறது. இரண்டு மூன்று முறை இது எங்களுக்கு மிக நன்றாக அமைந்தது.

கடல் கதை ஒன்று எடுக்கலாம் என்று கேப்டன் நீமோவின் நீர்மூழ்கிக் கப்பலைப் பற்றிப் பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல் வெர்ன் எழுதிய நாவலை ஒரு டிசம்பரில் எடுத்தோம். 1870இல் வெளியான கதை. காலை ஏழு மணிக்குள் நார்த் பீச் போய் நிழல் பிடித்து, கடலில் ஆடி முடித்த ஈரத்தோடு பிள்ளைகள் உட்கார, ஒரு அத்தியாயம். பத்து மணிக்கு வெயில் ஏறுவதற்குள் வீடு. புத்தாண்டு அன்று மட்டும் கடற்கரைப் பக்கம் போகவேண்டாம், அன்றைக்கு அங்கே மணலே தெரியாத அளவுக்குக் கூட்டம். காற்றில் பக்கம் பறக்காமலிருக்க துணி கிளிப் இரண்டு எடுத்துப் போங்கள். நடுவில் ஒரு நாள் உஷாகா மீன் காட்சியகத்துக்கும் போனோம். உடைந்த கப்பலின் வயிற்றுக்குள் நடப்பது போல அதை அமைத்திருக்கிறார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சுறா போவதைப் பார்த்தபடி சின்னவள், கேப்டன் நீமோ ஜன்னலும் இப்படித்தானே இருந்திருக்கும் என்று கேட்டாள்.

அந்தக் கதையில் நீமோ யார், எந்த நாட்டுக்காரன் என்று கடைசிவரை சொல்லமாட்டார்கள். அதற்குப் பிறகு 1875இல் வந்த மர்மத் தீவு நாவலில்தான் அது வெளிவரும். அவன் பண்டேல்கண்ட் ராஜாவின் மகன், இளவரசன் டக்கார், திப்பு சுல்தானுக்கு உறவினன், 1857 கிளர்ச்சியில் வெள்ளைக்காரர்களை எதிர்த்துப் போரிட்டு எல்லாவற்றையும் இழந்தவன். இதை நான் சொன்ன அன்று மூத்தவன் எழுந்து நின்றுவிட்டான். அதுவரை ஓரமாகப் படுத்துக்கொண்டு அரைக் காதோடு கேட்டவன், அடுத்த வாரமே இரண்டாவது நாவலைத் தானே படித்து முடித்தான். பழைய அறிவியல் புனைகதைகளில் நம் பக்கத்து ஆட்கள் பெரும்பாலும் வேலைக்காரர்களாகவோ சாமியார்களாகவோதான் வருவார்கள். அப்படிப்பட்ட காலத்தில் எழுதிய ஒருவர், உலகத்திலேயே பெரிய பொறியாளனை ஒரு இந்தியனாகப் படைத்திருக்கிறார். பிள்ளைகளுக்கு அதைச் சொல்லாமல் இருக்கக் கூடாது.

அதே வாரத்தில் அவர்களுக்குச் சீலகாந்த் மீன் கதையையும் சொன்னேன். இது புனைவு இல்லை, நடந்தது, நம் நாட்டில் நடந்தது, அதுவும் கிறிஸ்துமஸ் வாரத்தில். 1938 டிசம்பர் 22. ஈஸ்ட் லண்டன் துறைமுகத்தில் ஒரு மீன்பிடிக் கப்பல் வந்து நின்றது. அங்குள்ள அருங்காட்சியகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த மார்ஜரி கோர்ட்னி-லாட்டிமர் என்ற பெண்மணி, கப்பல்காரர்களுக்குப் பண்டிகை வாழ்த்துச் சொல்லவும் வலையில் வந்ததைப் பார்க்கவும் போனார். குவியலுக்கு அடியில் நீல நிறத்தில் ஒரு துடுப்பு தெரிந்தது. ஒன்றரை மீட்டர் நீளம், ஐம்பது கிலோவுக்கு மேல் எடை, கை கால் போலச் சதைப்பிடிப்பான துடுப்புகள். அந்த நாற்றத்தோடு அதை ஒரு டாக்ஸியில் ஏற்றிக்கொண்டு போனார். மீனைப் படமாக வரைந்து, கிரஹாம்ஸ்டவுனில் வேலை பார்த்த ஜே.எல்.பி. ஸ்மித் என்ற அறிஞருக்குக் கடிதம் எழுதினார். அவரோ விடுமுறைக்கு நைஸ்னா போயிருந்தார். கடிதம் அவர் கைக்குப் போய்ச் சேர்வதற்குள் ஜனவரி பிறந்துவிட்டது. அதுவரை மீன் கெடாமல் இருக்குமா? உள்ளுறுப்புகளை எறிந்துவிட்டுத் தோலைப் பதப்படுத்த வேண்டியதாயிற்று. பிப்ரவரியில் ஸ்மித் நேரில் வந்து பார்த்தார். டைனோசர்களோடு சேர்ந்து ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன்பே அழிந்துபோனதாக எல்லாரும் நம்பிய இனம் அது. இரண்டாவது மீன் கிடைக்கப் பதினான்கு வருடம் ஆனது, அதுவும் 1952 டிசம்பரில், கொமோரோஸ் தீவுகளில். அது கெட்டுப்போவதற்குள் எடுத்துவர, பிரதமர் மலான் ராணுவ விமானம் கொடுத்தார்.

இதைச் சொல்லி முடித்ததும் இருவரும் கேட்ட முதல் கேள்வி, இன்னும் இருக்கிறதா என்பதுதான். இருக்கிறது. 2000ஆம் ஆண்டில் எங்கள் மாகாணத்தின் வடக்கே சோட்வானா விரிகுடாவில், நூறு மீட்டருக்கும் அதிக ஆழத்தில், முக்குளிப்போர் அதை உயிரோடு பார்த்தார்கள். நாங்கள் காலை நனைக்கும் இதே இந்தியப் பெருங்கடல். அன்று இரவு நீமோவின் கப்பல் ஆழத்துக்கு இறங்கும் அத்தியாயத்தை வாசித்தபோது சின்னவள் நடுவில் நிறுத்தச் சொல்லி, சீலகாந்த் எந்தப் பக்கம் போகும் என்று தன் படத்தில் சேர்த்துக்கொண்டாள். கதையை வாசித்துவிட்டு, அதன் பக்கத்தில் நிற்கிற ஒரு நிஜத்தைச் சொல்லிப் பாருங்கள். வரிசை முக்கியம். முதலில் நிஜத்தைச் சொன்னால் பள்ளிப் பாடம் மாதிரி ஆகிவிடும். கதையில் மனம் ஊறிய பிறகு சொன்னால் அவர்களே மேலே கேட்பார்கள்.

டிசம்பர் கதைப் புத்தகங்கள் என்று கடைகளில் அடுக்கிவைத்திருப்பவற்றில் எல்லாம் பனி கொட்டும், கணப்பு அடுப்பு எரியும். நமக்கோ வியர்வை முதுகில் ஓடிக்கொண்டிருக்கும். இதனால் மனம் ஒட்டவில்லை என்று ஒரு தோழி சொன்னார். அவரிடம் நான் டோல்கீனைப் பற்றிச் சொன்னேன். மோதிரத்தை அழிக்கப் போகும் அந்தப் பெருங்கதையை எழுதியவர் பிறந்தது இந்த நாட்டில், புளூம்ஃபொன்டைனில், 1892 ஜனவரி 3ஆம் தேதி. அப்பா வங்கியில் வேலை பார்த்தவர். மூன்று வயதில் அம்மாவோடு இங்கிலாந்துக்குப் போனவர் திரும்பி வரவில்லை. ஆனால் தன் நினைவில் உள்ள முதல் கிறிஸ்துமஸ் என்று அவர் பின்னாளில் எழுதியது, கொளுத்தும் வெயிலையும் மூடிய திரைகளையும் வாடித் தொங்கிய யூகலிப்டஸ் மரத்தையும் பற்றித்தான். அதாவது நம்முடைய கிறிஸ்துமஸ். அவர் கதையை டிசம்பர் வெயிலில் உட்கார்ந்து வாசிக்க நமக்கு எந்தத் தயக்கமும் வேண்டியதில்லை. ஜனவரி 3 அன்று எங்கள் வீட்டில் அவருடைய 1937 நாவலான தி ஹாபிட்டிலிருந்து பிடித்த ஓர் அத்தியாயத்தை மறுபடி வாசிப்போம். குகையில் விடுகதை போடும் இடம்தான் எப்போதும் ஜெயிக்கும். ஆயா அதற்குப் பதிலுக்குத் தமிழ் விடுகதைகளை எடுத்துவிடுவார், அன்றைக்குத் தூங்க நேரமாகிவிடும். பனி பற்றிச் சொன்னால், எனக்குப் புழுக்கமான மதியத்தில் பனிக் கோளில் நடக்கிற கதை வாசிப்பதுதான் ரொம்பப் பிடிக்கும். உடம்பே குளிர்ந்த மாதிரி இருக்கும்.

ஆயா சொல்லும் கதைகளுக்குப் புத்தகம் கிடையாது. 1860 நவம்பர் 16இல் ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து டர்பனுக்கு வந்துசேர்ந்ததிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்கு வந்தவர்களோடு விக்கிரமாதித்தனும் வேதாளமும் வந்து இறங்கிவிட்டார்கள் போலிருக்கிறது. அவருடைய வேதாளம் முருங்கை மரத்தில் தொங்குவதில்லை, கரும்புக் காட்டு ஓரத்து மாமரத்தில் தொங்குகிறது. ராஜா அதைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பது வெருலம் ரோட்டில். பாதித் தமிழ், பாதி ஆங்கிலம், நடுவில் ஒன்றிரண்டு ஜூலுச் சொல். "கேளு கண்ணு, அந்த ராஜா சும்மா ஆளு இல்ல" என்று அவர் தொடங்கினால் மூத்தவன்கூட ஹெட்ஃபோனைக் கழற்றிவிடுவான். உங்கள் தெருவிலும் இப்படி ஒருவர் இருப்பார். கூப்பிட்டு உட்காரவைத்து டீ கொடுத்துக் கேளுங்கள். அவர்கள் சம்மதித்தால் ஃபோனில் பதிவும் செய்துகொள்ளுங்கள். அந்தத் தமிழை இன்னும் கொஞ்ச காலம் கழித்துக் கேட்க முடியாது.

இந்த மண்ணின் மாயக் கதைகளும் அவருக்குத் தெரியும். டொக்கலோஷி என்னும் குள்ள உருவம் இரவில் வரும், அதற்கு எட்டாமலிருக்கக் கட்டில் காலுக்கடியில் செங்கல் வைப்பார்கள் என்பார். அவர் சின்னப் பெண்ணாக இருந்தபோது அப்படி வைத்த வீடுகளைப் பார்த்திருக்கிறாராம். ஹோவிக் அருவிக்கு அடியில் இன்கன்யாம்பா என்னும் பெரும் பாம்பு இருக்கிறது, கோடைப் புயல்கள் அதன் கோபம்தான் என்பது இன்னொன்று. பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்குப் பக்கத்தில்தான் ஹோவிக். சுமார் 95 மீட்டர் உயரத்திலிருந்து தண்ணீர் விழும். விடுமுறையில் ஒரு நாள் போய், மேலே பார்வை மேடையில் நின்று பார்த்தோம். இங்கே ஒரு விஷயத்தில் நான் உறுதியாக இருக்கிறேன். பலருக்கு இது கதை இல்லை, நம்பிக்கை. ஜூலு வைத்தியர்கள் அந்த இடத்தில் வழிபாடு செய்கிறார்கள். நம் மாரியம்மன் கதையை வேறொருவர் வேடிக்கையாகச் சொன்னால் நமக்கு எப்படி இருக்கும்? அதே மரியாதையோடு சொல்லவும் கேட்கவும் பிள்ளைகளைப் பழக்க வேண்டும். அப்படிச் சொன்னாலும் கதையின் சுவை ஒன்றும் குறைவதில்லை.

டொக்கலோஷி கதை கேட்ட இரவு சின்னவள் தூங்கவில்லை. பயப்படும் பிள்ளையிடம் "அதெல்லாம் சும்மா" என்று சொல்லிப் பயனில்லை. கேட்டது அவ்வளவு நிஜமாக இருந்ததால்தானே பயம். பயக் கதைகளை இப்போது காலையிலோ மதியத்திலோ சொல்கிறோம். இரவில் கடைசியாக ஒரு சின்ன, சிரிக்கிற கதை. பெரிய நாவலிலும் இரவில் நிறுத்தும்போது ஆபத்து நடுவில் நிறுத்துவதில்லை. ஆட்கள் கூடாரம் போட்டுச் சாப்பிட உட்காரும் இடமாகப் பார்த்து நிறுத்துவேன். மதிய வாசிப்பில் மட்டும் தலைக்கு மேல் கத்தி தொங்கும் இடத்தில் மூடிவிடலாம். இரவு வரை வீடு முழுக்க அதே பேச்சாக இருக்கும்.

கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் நடுவில் இரண்டு மூன்று நாள் டிராக்கன்ஸ்பெர்க் மலைக்குப் போவோம். டர்பனிலிருந்து காரில் மூன்று மணி நேரம் சொச்சம். அங்கே கோடையில் மதியத்துக்கு மேல் இடியும் மழையும் வரும் நாட்கள் நிறைய. அதனால் நடப்பதைக் காலையில் முடித்துவிட்டு, மழை நேரத்தைக் கதைக்கு வைத்துக்கொள்ள வேண்டும். காம்பெர்க் பக்கத்தில் கேம் பாஸ் என்ற பாறைக் குடைவு இருக்கிறது. வழிகாட்டியோடுதான் போகலாம், ஏற்றம் உண்டு, தண்ணீரும் தொப்பியும் கட்டாயம். இந்த மண்ணின் பழங்குடிகளான சான் மக்கள் வரைந்த ஓவியங்கள் அங்கே உள்ளன. சாகும் நிலையில் தலை தொங்கிய ஒரு ஈலண்ட் மான், அதன் வாலைப் பிடித்து நிற்கும் உருவம் பாதி மனிதன், பாதி மான். பூசாரி மயக்க நிலையில் வேறு உலகத்துக்குப் போவதை அது காட்டுகிறது என்று அறிஞர்கள் விளக்குகிறார்கள். மிருகமாக மாறும் மந்திரவாதிகள் நிறைந்த ஒரு புத்தகத்தை அந்த வருடம் வாசித்துக்கொண்டிருந்தோம். மூத்தவன் பாறை முன்னால் வெகுநேரம் நின்றான். இப்படிக் கற்பனை செய்வது நேற்று புத்தகக் கடையில் தொடங்கிய பழக்கம் இல்லை என்பதை நான் சொல்லத் தேவைப்படவில்லை.

மழை விட்ட இரவில் விண்வெளிக் கதை வாசியுங்கள். மலையில் நகர வெளிச்சம் இல்லாததால் வானம் கொட்டிக் கிடக்கும். ஊரில் நிமிர்ந்து நிற்கிற வேட்டைக்காரன் நட்சத்திரக் கூட்டம் இங்கே தலைகீழாக நிற்கும். நம் மார்கழித் திருவாதிரை நட்சத்திரம் அதில்தான் இருக்கிறது. கும்பகோணத்தில் தெற்கே தாழ்வாகத் தெரியும் அகத்தியர் நட்சத்திரம் இங்கே தலைக்கு மேல் வெகு உயரத்தில் வந்துவிடும். தெற்கே மேகத் துணுக்கு மாதிரி இரண்டு திட்டுகள் வெறும் கண்ணுக்கே தெரியும்: மெகல்லன் மேகங்கள். இரண்டுமே தனித்தனி விண்மீன் மண்டலங்கள். பெரியது சுமார் 1,60,000 ஒளியாண்டு தூரம். கதையில் கப்பல் இத்தனை ஒளியாண்டு போனது என்று வந்தால் பிள்ளைகளுக்கு அது வெறும் எண். அந்தத் திட்டைக் காட்டி, இந்த வெளிச்சம் கிளம்பியபோது மனிதன் இன்னும் ஆப்பிரிக்காவை விட்டுப் பெரிதாகப் பரவவில்லை என்று சொன்னால் வாயடைத்துப் போகிறார்கள். நிலா இல்லாத இரவாகப் பார்த்துப் போவது நல்லது, நாட்காட்டியில் அமாவாசை எப்போது என்று முன்பே பாருங்கள்.

பெரியவர்களுக்கென்று ஒரு இரவு தனியாக உண்டு. பிள்ளைகள் தூங்கிய பிறகு நானும் கணவரும் பக்கத்து வீட்டுத் தாத்தாவும் சேர்ந்து டிஸ்ட்ரிக்ட் 9 படம் பார்த்தோம். 2009இல் வந்தது, இயக்குநர் நீல் புளோம்காம்ப் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தவர், படம் எடுத்தது சோவெட்டோவில். வேற்றுக்கிரகக் கப்பல் ஒன்று ஜோகன்னஸ்பர்க் மேலே வந்து நின்றுவிடுகிறது. அதிலிருந்தவர்களைத் தகரக் கொட்டகைகளில் அடைத்துவைக்கிறார்கள். வருடங்கள் கழித்து ஊருக்கு வெளியே தூரத்தில் உள்ள முகாமுக்கு மாற்ற முடிவாகிறது. அதிகாரி ஒருவன் காகிதக் கட்டோடு வீடு வீடாகப் போய்க் காலி செய்யும் நோட்டீஸில் கையெழுத்து வாங்குகிறான். அந்த இடத்தில் தாத்தா நிறுத்தச் சொன்னார். "இது எங்க கதைதாம்மா" என்றார்.

1950இல் வந்த குரூப் ஏரியாஸ் சட்டத்தில் இன்ன இனத்தார் இன்ன இடத்தில்தான் வாழலாம் என்று பிரித்தார்கள். தாத்தாவின் குடும்பம் டர்பனிலேயே கேட்டோ மேனர் பகுதியில் காய்கறித் தோட்டம் வைத்திருந்தது. 1960-களில் அவர்களைக் கிளப்பி, இந்தியர்களுக்கென்று புதிதாகக் கட்டிய சாட்ஸ்வொர்த்துக்குக் கொண்டுவந்து விட்டார்கள். கூடை, பாத்திரம், சாமி படம் எல்லாம் லாரியில் வந்தன, மாமரம் வரவில்லை என்று சொன்னார். இத்தனை வருடப் பழக்கத்தில் அவர் அதைப் பற்றி எங்களிடம் பேசியதே இல்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பாரா தெரியாது. இறால் முகம் கொண்ட ஒரு வேற்றுக்கிரகவாசி கையெழுத்துப் போட மறுப்பதைப் பார்த்ததும் பேசினார். விண்வெளிக் கதைகளை நிஜத்திலிருந்து ஓடி ஒளியும் இடம் என்று சொல்கிறவர்களிடம் நான் அந்த இரவைச் சொல்வேன். படத்தில் வன்முறையும் கெட்ட வார்த்தையும் நிறைய, சிறுவர்களோடு பார்க்க வேண்டாம். வயதானவர்களோடு பார்ப்பதானால் முடிந்ததும் உடனே விளக்கை அணைத்துப் படுக்கப் போய்விடாதீர்கள். ஒரு டீ போட்டுக் கொஞ்ச நேரம் கூட உட்காருங்கள்.

சில்லறை விஷயங்கள் சில. படமாக வந்த கதையென்றால் புத்தகம் முடிந்த பிறகுதான் படம். முதலில் படம் பார்த்தால் அந்த நடிகர் முகம்தான் கடைசிவரை வரும், பிள்ளை தானாக ஒரு முகம் உண்டாக்கிக்கொள்ள வாய்ப்பே இல்லை. முன்கூட்டியே படித்து முடித்தவர் முடிவைச் சொல்லக் கூடாது. எங்கள் வீட்டில் சொன்னவர் ஒரு வாரம் பாத்திரம் தேய்க்க வேண்டும். பதினான்கு வயதுப் பையன் எல்லா இரவும் வந்து உட்காருவான் என்று எதிர்பார்க்காதீர்கள். அவனுடைய காமிக்ஸும் விண்வெளி விளையாட்டும் அவனுக்கு இருக்கட்டும். எந்தப் புத்தகத்தையும் வாசித்துவிட்டு இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டாய் என்று கேட்காதீர்கள், விடுமுறையில் பரீட்சை வேண்டாம். நூறு பக்கம் போயும் யாருக்கும் பிடிக்கவில்லையா, மூடிவைத்துவிட்டு வேறு எடுங்கள்.

ஜனவரி நடுவில் பள்ளி திறந்துவிடும். தைப்பூசக் காவடிக்கு விரதமும் பஜனையும் தொடங்கிவிட்டால் இரவுகள் கோயிலுக்குப் போய்விடும். அதற்குள் பெரிய புத்தகம் முடியவில்லை என்றால் மீதியை ஞாயிறு மதியங்களில் முடிக்கிறோம். ஃப்ரிட்ஜில் ஒட்டிய பெயர்த் தாள் அதுவரை அங்கேயே இருக்கும், அதனால் யாரும் வழிதவறுவதில்லை.

வரும் டிசம்பருக்குத் தமிழிலிருந்தே தொடங்கப் போகிறோம். சுஜாதாவின் என் இனிய இயந்திரா. 1980-களில் விகடனில் தொடராக வந்தபோது வாரா வாரம் அம்மா எனக்கு வாசித்துக் காட்டியது. ஜீனோ என்ற இயந்திர நாய்க்குட்டிக்கு என்ன குரல் கொடுப்பது என்று வீட்டில் இப்போதே விவாதம் நடக்கிறது. பாடப்புத்தகத் தமிழ்தான் என்கிறான் மூத்தவன். சின்னவள் ஆயாவின் தமிழ்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறாள். ஆயாவும் சம்மதித்துவிட்டார். அவருக்குத் தமிழ் எழுத்து வாசிக்க வராது. நான் பக்கத்தில் உட்கார்ந்து வரி வரியாகச் சொல்லிக்கொடுக்க, ஜீனோ பேசும் இடங்களை அவர் பேசப்போகிறார்.